சவரியார் போட்ட சீட்டு

கிளமெண்ட், வயசு இருவத்தாறு, வேலை ஷார்ஜாவுல. ஊரு வரதராசன்பேட்டை. அங்க திருவிழா ரம்மிப் போட்டியில அம்மா பைனலுக்கு வந்துருச்சு. எதிர்ல ஆடறது சவரியார், போன வருசம் சீட்ட ஒளிச்சு மாட்டுன மனுசன்.

கிளமெண்ட் போன்ல சொன்னான், "அவரு சீட்டக் கலைச்சதும் நீ கட்ட வெட்டி வெச்சிரும்மா. முழுக்கைச் சட்டைன்னா மடிச்சு வுடச் சொல்லு."

"சொல்லிட்டேன்டா. தொணதொணங்காத."

"சீட்டு போடறப்ப கையவே பாரு."

"நான் ஜெயிக்கணும்னு அம்புட்டு ஆசையா?"

"நீ தோத்தாலும் பரவால்லம்மா. அவரு ஏமாத்தாம ஆடினா, அவரு மவ சுகன்யா மேரிய எனக்குப் பொண்ணு கேக்கறேன்னு நீதான சொன்ன."

"சொன்னேன். கள்ளாட்டக்காரரா இருந்தா இந்த வருசம் அந்தப் பேச்சே கிடையாது."

கொஞ்ச நேரத்துல அம்மாவே கூப்புட்டுச்சு.

"ஆட்டத்த நிறுத்திட்டாங்கடா. சீட்டு போடறப்ப கட்டுக்கு அடியில இருந்து உருவினாரு, நானே கையப் புடிச்சுட்டேன்."

"ஜோக்கர எடுத்துக்கிட்டாரா?"

"எங்க எடுத்தாரு? அம்புட்டு ஜோக்கரையும் எனக்கே போட்டுட்டாருடா, சம்பந்தியம்மா ஜெயிக்கட்டும்னு."

கிளமெண்ட் தலையில அடிச்சுக்கிட்டான்.

வரதராசன்பேட்டைப் பக்கம் போறவங்க தயவுபண்ணி சவரியாரப் பாத்து, அடுத்த வருசமாவது அம்மாவ ஒழுங்கா ஆடித் தோக்கடிக்கச் சொல்லுங்க.