சிஞ்ஞோரா பார்க்க வந்த பெட்டி

“முதலாளி, கட்டின பெட்டியைத் திரும்ப அவிழ்க்க வேணும்.”

கடைக்குள் நுழைந்ததும் அற்புதமலர் சொன்னது இதுதான். செல்வராசா மிளகாய்த்தூள் பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னும் சவுக்காரம் வைக்கப் போறியளோ மலர்? உள்ளுக்கு ஊசி வைக்கவும் இடமில்லை.”

“நான் ஒண்டும் வைக்கேல்லை. இவா பாக்கப் போறாவாம்.”

அப்போதுதான் அவர் வாசலைக் கவனித்தார். கைத்தடியை ஊன்றியபடி ஒரு முதிய இத்தாலியப் பெண்மணி நின்றிருந்தார். லிபெர்த்தா வீதியில் மலர் தங்கி வேலை செய்யும் வீட்டின் எசமானி; அவளுக்கு ‘சிஞ்ஞோரா.’ ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள அந்தச் சந்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

செல்வராசா கறிச்சரக்கும் கருவாடும் விற்றார். கூடவே கொழும்புக்குக் கப்பலில் பெட்டி அனுப்பினார். கடையின் பின்னறையில் தானே சமைத்துச் சாப்பிடும் தனிக்கட்டை. மன்னாரிலிருக்கும் தங்கைக்கு மலர் கட்டிய பெட்டி மூலையில் கிடந்தது. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான்.

“ஏன், என்ன நடந்தது?”

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மலர் குரலைத் தாழ்த்தினாள்.

“கொஞ்ச நாளாய் ஆள் ஒரு மாதிரி. பெட்டி போயிட்டுதோ எண்டு உங்களுக்கு ரெலிபோன் எடுத்தால் கதவுக்குப் பின்னாலை வந்து நிக்கிறா. என்ரை அலுமாரியையும் திறந்து பாத்திருக்கிறா. இண்டைக்குக் காலமை, பெட்டியைக் காட்டு எண்டு ஒரே பிடிவாதம். நான் வீட்டுச் சாமானை எடுத்து வைச்சிட்டன் எண்டு நினைக்கிறா போல.”

“ஓமோ?”

சிஞ்ஞோரா சட்டென்று தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

“ஓம். கள்ளி எண்ட பேரோடை வெளியிலை வந்தால் வேறை ஆர் என்னை வேலைக்கு எடுப்பினம்? வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ காயிதமும் தரமாட்டாங்கள்.”

“ஓம், அது உண்மைதான்.”

சிஞ்ஞோரா தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

“பாருங்கோ, எப்பிடித் தலையாட்டுறா எண்டு,” என்றாள் மலர். “போன கப்பலிலை பெட்டியை அனுப்பியிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை. இடமில்லை எண்டியள். அதுக்கு முந்தின கப்பலுக்கும் அதே கதைதான்.”

“அது… கப்பல்காரர் சொல்லுறதுதானே.” செல்வராசா கத்தி தேடுகிறவர் போல மேசைக்கடியில் குனிந்தார்.

ஒட்டுநாடாவைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். சிஞ்ஞோரா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். மலர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். சவர்க்காரம், கோப்பித்தூள், துவாய்கள், தங்கையின் பிள்ளைகளுக்குச் சட்டை.

“அடியில் என்ன?” என்று இத்தாலிய மொழியில் கேட்டார் சிஞ்ஞோரா.

அடியில் இரண்டு படுக்கை விரிப்புகள். மலர் அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இவை நீங்கள் தந்தவை, சிஞ்ஞோரா. சத்தியமாக. போன நத்தார்ப் பண்டிகைக்குத் தந்தீர்கள்.”

“தெரியும். உன் உடுப்பு எங்கே?”

“என் உடுப்பா? அலுமாரியில்.”

“அதில் பாதிதான் இருந்தது.”

“மற்றதைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன்.”

“உன் மாதா படம்?”

“கட்டில் தலைமாட்டில்.”

சிஞ்ஞோரா நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

“நல்லது. அப்படியென்றால் நீ இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.”

“நான் எங்கே போகப்போகிறேன்?”

“என்னிடம் மறைக்காதே மகளே. தொலைபேசியை எடுத்தால் போதும், ‘வோமோ, வோமோ’ என்கிறாய். நடுவில் எங்கள் சிசிலிக்காரி மாதிரி ‘ஓமு, ஓமு.’ இங்கே வந்தும் இருவருக்கும் அதே பேச்சுத்தான். ஒரு பெண் வாய் ஓயாமல் ஆம்பிளை, ஆம்பிளை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?”

இத்தாலிய மொழியில் ‘வோமோ’ என்றால் ஆம்பிளை, சிசிலிப் பேச்சில் ‘ஓமு’; மலருக்கு அது பிடிபட ஒரு கணம் எடுத்தது. பிறகு படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. கைத்தடியைச் செல்வராசாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

“இவளைக் கட்டிக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பகலில் மட்டும் என்னிடம் விட்டுவிடு, எனக்கு வேறு ஆள் சரிவராது. சொல், அந்த ஆம்பிளை நீதானே?”

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் செல்வராசா கத்தியை மேசையில் வைத்துவிட்டு, சிஞ்ஞோராவைப் பார்க்காமல் அவளையே பார்த்து, “ஓம்,” என்றார்.

“ஓமோ?” என்றாள் மலர்.