ஒன்பது பவுண்டு குண்டு

"யாரும் கிட்ட போகாதீங்க! வெடிச்சுதுன்னா நானா பதில் சொல்றது?" சப்-இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன் கத்தினார்.

கார்கில் சண்டை ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூப்பிடு தூரத்தில் அணுமின் நிலையம். இந்த நேரம் பார்த்தா சாலமோனின் கரைவலையில் துருப்பிடித்த இரும்பு உருண்டை மாட்ட வேண்டும்? சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். சாலமோனை ஜீப்பில் ஏற்றியாயிற்று.

"மீனுக்குத்தான் சார் வலை வுட்டேன். அது இன்னான்னே தெரியாது சார்!" சாலமோன் அழுதான்.

"ஸ்டேஷனுக்கு வா, தெரியவைக்கிறேன். பாம் கேஸ்ல உள்ள போனா இந்த ஜென்மத்துல வெளிய வரமாட்டே."

மகள் சுஷ்மிதாவோடு நடக்க வந்திருந்த லக்ஷ்மிநாராயணன் கயிற்றைத் தாண்டி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பாவம் சார், அவனை விட்டுடுங்க. அது பாம் இல்ல, பீரங்கிக் குண்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பழைய கப்பல்னா எனக்குப் பைத்தியம் சார். 'செலினா'ன்னு வெள்ளைக்காரன் போர்க்கப்பல். அமெரிக்காவுல சண்டை போட்டுட்டு மெட்ராஸ் வந்தது. 1782ல இதே கடல்ல பிரெஞ்சுக்காரனோட மோதி, பாய்மரம் முறிஞ்சு, திரிகோணமலைக்குத் தப்பிச்சு ஓடுச்சு. அதுல இருந்தது ஒன்பது பவுண்டு பீரங்கி. இந்தக் குண்டும் நாலு கிலோதான். உள்ள மருந்தே கிடையாது, முழு இரும்பு."

"கதை நல்லாத்தான் கீது. தப்பா இருந்தா?"

லக்ஷ்மிநாராயணன் படகோரம் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"அப்பா, வேணாம்ப்பா!" சுஷ்மிதா அலறினாள்.

ணங்!

காதைப் பொத்திக்கொண்டு குனிந்த போலீஸ்காரர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். துரு கொஞ்சம் உதிர்ந்ததோடு சரி.

செங்கல்வராயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இறங்குடா. வூட்டுக்குப் போ."

சாலமோன் ஓடிவந்து காலில் விழுந்தான். "உசுரப் பணயம் வெச்சு என்னைக் காப்பாத்தினீங்களே, நீங்க தெய்வம் சார்!"

அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு லக்ஷ்மிநாராயணன் திரும்பினார். சுஷ்மிதா அந்தக் குண்டை ஒற்றைக் கையால் தூக்கி, உள்ளங்கையில் உருட்டி, தாடைக்குக் கீழே கழுத்தோடு அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்களில் நீர் முட்டியது.

"கப்பல் கதை சூப்பர்ப்பா. செங்கல்பட்டுப் போட்டிக்கு முந்தின நாள் திருடு போச்சுன்னு சொன்னீங்களே என் ஷாட்புட், அதை எதுக்குப்பா கடல்ல போட்டீங்க?"