தெருமுனைச் சத்தம்

அட்டைப்பெட்டிக்குள் புதுச் சாமானைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் தேதி இருந்தது. ஒன்பது வருஷம் பழசு.

"அப்பா, இதை எப்ப வாங்கினீங்க?"

ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பேப்பர்ல போட்டிருக்குமே."

"ஒன்பது வருஷமா பரண்லயா கிடந்துச்சு?"

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு."

எடுத்தேன். கொடுக்கவில்லை. பதில் வராமல் ஸ்பேனர் போகாது என்று முடிவு செய்துவிட்டேன்.

செய்தித்தாளுக்குள் இருந்தது, ஜீப்பின் கியர் பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும் கனமான இரும்புப் பெட்டி. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். இன்ஜினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது. மலைமேல் இருக்கும் மின்கோபுரங்களைச் சோதிக்கிற வேலை அப்பாவுக்கு. அந்தப் பெட்டி இல்லாமல் ஜீப் மேடேறாது. பழைய பெட்டியில் பல் தேய்ந்துபோய், வண்டி நகர்ந்தாலே ஊளைதான். தெருவில் எனக்குப் பெயரே 'ஊளை வண்டி வீட்டுப் பொண்ணு'.

"அந்தச் சத்தத்துல அம்மாவுக்குத் தலைவலி. நான் ஸ்கூலுக்கு ஒரு தெரு முன்னாடியே இறங்கி நடப்பேன். சத்தமே வராத புதுசைப் பரண்ல வெச்சுக்கிட்டு எங்களை ஒன்பது வருஷம் வதைச்சிருக்கீங்க. இது அநியாயம் இல்லையா?"

"வக்கீலம்மா, முதல்ல ஜாக்கியைப் பிடிங்க. பாரம் என் நெஞ்சுக்கு மேல தொங்குது."

ஸ்பேனரை நீட்டிவிட்டுப் பிடித்தேன். கொலைக் கேஸ் எனக்கு வேண்டாம்.

பழைய பெட்டி ஜாக்கியில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக இறங்கியது. எண்ணெய் வடியும் அதன் முதுகை அப்பா இரண்டு தட்டு தட்டினார்.

நான் விடவில்லை. "பெரிய ரோட்ல ஒழுங்காத்தான் வருவீங்க. நம்ம தெருமுனை வந்ததும் கியரைக் குறைச்சு இன்னும் கத்த விடுவீங்க. 'மேடே இல்லாத இடத்துல எதுக்கு சார் ரெண்டாவது கியர்?'னு முனை வீட்டு லாரி டிரைவர்கூடக் கேட்டாரே!"

"நல்ல கேள்வி."

"பதில்?"

"புதுசைத் தூக்கணும். ஜாக்கி அடி."

இப்படிப் பதில் சொல்கிற மனுஷரிடம் எப்படித்தான் வாதாடுவது? அடித்துக்கொண்டே, இத்தனை நாள் மறைத்ததைப் போட்டு உடைத்தேன்.

"ஒண்ணு தெரியுமா? அந்த ஊளை கேட்டதும் அண்ணன் டிவியை அணைப்பான். மெத்தை, நாற்காலி எல்லாம் வெச்சுக் கட்டின கோட்டையை நான் கலைப்பேன். நீங்க கேட்டைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் புத்தகமும் கையுமா இருப்போம். பாதி நாள் அவன் புத்தகம் என் மடியில, என் புத்தகம் அவன் மடியில. நீங்க ஒரு நாளாவது கண்டுபிடிச்சீங்களா?"

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. டிவியின் சூடு ஆறட்டும் என்று பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே அண்ணன் நிற்பான். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று நான் குதிப்பேன். கேட் கிறீச்சிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பிப்போம். இப்போது அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. எனக்கு ஹாஸ்டல். லீவில் வந்தால்கூட அந்த டிவியை யாரும் போடுவதில்லை.

"ஒரே ஒரு தடவைதான் மாட்டினோம். பிரேக் சரியில்லைனு வண்டியைப் பட்டறையில விட்டுட்டு நடந்து வந்தீங்களே, அன்னைக்கு. அண்ணனை விட்டீங்களே ஒரு அறை! மூணு நாள் காதைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சான்."

புதுசின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்த ஸ்பேனர் நின்றது.

"அதுக்கு முந்தின நாள்தான் இதை வாங்கிட்டு வந்தேன்," என்றார் அப்பா. "அவனை அடிச்ச கையாலயே தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"வண்டியில வந்தா புத்தகம், நடந்து வந்தா டிவி. அன்னைக்குத்தான் புரிஞ்சுது. கண்ணால பார்த்துட்டா என் கை சும்மா இருக்காதும்மா."

தெருமுனை ஞாபகம் வந்தது. மேடே இல்லாத இடம். ரெண்டாவது கியர்.

ஜாக்கிப் பிடியை விடாமல், எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். "அப்ப... இப்ப மட்டும் எதுக்குப்பா மாத்தறீங்க?"

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டுத்தான் சொன்னார்.

"இப்ப டிவியை அணைக்க வீட்ல யாரு இருக்கா?"