ஒன்பதாம் பாகத்தின் குரல்

மதியக் காட்சி. திரையில் ஒரு பாலம் வெடித்துச் சிதறுகிறது, அரங்கில் ஒருவரும் நிமிர்ந்து உட்காரக் காணோம். இருட்டில் அங்கங்கே செல்போன்கள் முகங்களை நீலமாக்கிக்கொண்டிருக்கின்றன. இந்தப் படவரிசையின் ஹீரோவான உளவாளிக்கு எட்டுப் பாகங்களில் தமிழ் டப்பிங் குரல் கொடுத்தவர், மனைவியோடு கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதாம் பாகத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. குரலுக்கு வயதாகிவிட்டதாம். “அந்த ஹீரோவுக்கு என்னைவிட ரெண்டு வயசு ஜாஸ்தி. அவன் மூஞ்சிக்கு மட்டும் வயசாகலையா?” என்று முணுமுணுக்கிறார். புதுக் குரலோ, போனில் ‘எண் ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் பதிவுக் குரல் மாதிரி வழவழவென்று, குண்டு பாய்ந்த பிறகும் மூச்சு வாங்காமல் பேசுகிறது. இப்போது அந்தக் காட்சி வருகிறது. எல்லாப் பாகத்திலும் வருவதுதான், வசனம்கூட மாறாது: வில்லன் தன் அறைக் கதவைத் திறக்கிறான், அவன் நாற்காலியில் உளவாளி உட்கார்ந்திருக்கிறான். பேசுவதற்கு முன் உளவாளியின் இடது கண் லேசாகச் சுருங்கும் என்பது, அந்த முகத்தையே பார்த்துப் பிழைத்தவருக்குத் தெரியும். கண் சுருங்குகிறது. “வேண்டாங்க,” என்று மனைவி சட்டையைப் பிடிக்கிறாள். அவர் எழுந்து நிற்கிறார். “நாற்காலி உன்னோடதுதான். முடிஞ்சா எழுப்பிப் பாரு!” அடிவயிற்றிலிருந்து வந்த குரல் ஸ்பீக்கரை முந்திக்கொண்டு எதிர்ச்சுவர்வரை போகிறது. பின்னாலேயே வரும் புதுக் குரல் யார் காதிலும் ஏறவில்லை. தலைகள் திரும்புகின்றன, செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. முன்வரிசையில் யாரோ விசிலடிக்கிறார்கள். மனைவி சட்டையை விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி அவரிடம் நீட்டுகிறாள். “ஒரு வாய் குடிச்சிட்டு அடுத்த வசனத்தையும் பேசுங்க.”