ஆள்காட்டி கத்தாத காலை

மழைக்கும் விதைப்புக்கும் காத்துக் கிடந்த ஒரு கரிசல் காட்டில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. மனிதர் யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும் குருவி அது.

ஒருநாள் காலையில் சோலார் கம்பெனி ஆட்கள் இருவர் அளவு நாடாவோடு வந்தார்கள். குருவி அலகைத் திறந்தது.

"சும்மா இரு தாயி," என்றது புதரில் படுத்திருந்த முயல். "கத்துனா நாம இருக்கது தெரிஞ்சுபோகும். பேசாம இருந்தா பாத்துட்டுப் போயிருவாங்க."

"பக்கத்துக் காட்டையும் இப்படித்தான அளந்தாங்க?"

"அது அடுத்தவங்க காடு. நமக்கு எதுக்கு?"

குருவி முட்டைகளைப் பார்த்தது. அலகை மூடிக்கொண்டது.

ஆட்கள் காட்டைச் சுற்றி வந்தார்கள். "ஒரு குருவிகூட இல்ல சார். வெறும் தரிசு," என்று ஒருவன் போனில் சொன்னான். மற்றவன் குறிக்கம்பு நட்டான்.

சில நாளில் ஜேசிபி வந்தது. முட்டைகள் மண்ணோடு போயின.

மழை பெய்தபோது காடு முழுக்கக் கண்ணாடிப் பலகைகள் நின்றன. விதைக்க யாரும் வரவில்லை. குருவி கம்பி வேலியில் உட்கார்ந்து பகலெல்லாம் கத்தியது. முயல் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

உள்ளே இருந்த காவலாளி நிமிர்ந்து பார்த்தான்.

"இது எங்கருந்து வந்துச்சு?" என்று சொல்லிக் கல்லை எடுத்தான்.