இறுதி மொழிக்கு விட்ட இடம்

போர்க்களத்தில் உயிர்விடும் வீரனின் கடைசி வார்த்தை கல்லைவிட உறுதியானது. யுகங்கள் கடந்தும் ஒலிப்பது.

அது என்னவென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்குத் திறப்பு விழா. இப்போது மணி எட்டே கால். கல்வெட்டுப் பட்டறையில் நினைவுக்கல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தது. மேலே பதினொரு பெயர்கள் பளிச்சென்று வெட்டப்பட்டிருந்தன. நினைவுக்குழுத் தலைவர், துணைத் தலைவர், இணைத் துணைத் தலைவர், ஆலோசகர்கள், விழாவுக்கு நாற்காலி கொடுத்தவர், அந்த நாற்காலிகளை ஏற்றிவர வண்டி கொடுத்தவர்.

செத்துப்போன பையனின் பெயர் பன்னிரண்டாவது. வயது இருபது. அதற்குக் கீழே ‘வீரனின் இறுதி மொழி’ என்று ஒரு தலைப்பு. அதற்கும் கீழே வழவழவென்று வெறுங்கல்.

“இதுக்குமேல தள்ளிப்போட முடியாது தலைவரே,” என்றார் கல் வெட்டுபவர், காதில் பென்சிலைச் செருகியபடி. “ரெண்டு வரிக்கு இடம் விட்டிருக்கேன். ஏதாச்சும் சொல்லுங்க, வெட்டிடறேன்.”

தலைவர், கட்டிலும் பீரோவும் விற்கும் கடை வைத்திருப்பவர். எதையும் மூன்று மாடலில் காட்டித்தான் அவருக்குப் பழக்கம். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் நீட்டினார். அவன் இறந்தவனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். கடைசி நொடியை நேரில் பார்த்த ஒரே ஆள். விழாவுக்காக இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான்.

“மூணு எழுதியிருக்கேன் தம்பி. இதுல எதைச் சொன்னான்னு பாத்து ஒரு டிக் போட்டுடு.”

முதலாவது, ‘தாய்மண்ணே! என் குருதியே உனக்கு மாலை!’ இரண்டாவதில் ஒரு சிங்கமும் ஓர் எரிமலையும் இருந்தன. மூன்றாவது, எதுகை மோனையோடு நான்கு வரி ஓடியது.

“குண்டு பட்டவன் நடுவுல மூச்சு வாங்காம இவ்வளவும் பேசினானா?” என்றார் கல் வெட்டுபவர்.

“வீரன்யா அவன்! பக்கத்து ஊர்க் கல்லைப் பாத்தியா? ‘மீண்டும் வருவேன், வாளோடு வருவேன்’னு இருக்கு. அவன் படையில சமையக்காரன். அடுப்பு வெடிச்சுப் போனான். அவனே அவ்வளவு சொல்லியிருக்கானே!”

இளைஞன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைவர் நீட்டிய பேனாவை மட்டும் வாங்கவில்லை.

அப்போது இறந்தவனின் அம்மா உள்ளே வந்தாள். ஏழு மணிக்கே அவளைக் கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்து, நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்திருந்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். தாளை இளைஞன் கையிலிருந்து வாங்கி மூன்றையும் படித்தாள்.

“அவன் எங்க இதெல்லாம் பேசினான்? பேச்சுப்போட்டில ‘அவையோருக்கு வணக்கம்’னு சொன்ன கையோட மேடைய விட்டு இறங்கி ஓடினவன்.”

“உணர்ச்சி வேகத்துல வரும்மா, தங்கச்சி…”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே.”

எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு வக்கீலின் வீட்டுப் பெயர்ப்பலகை அது.

“தம்பி, அஞ்சு மாசமா உனக்கு போன் பண்றேன். ‘அப்புறம் சொல்றேம்மா, அப்புறம் சொல்றேம்மா’ங்கற. கல்லுல இவங்க என்ன வேணா எழுதிக்கட்டும். அவன் வாயால சொன்னது எனக்கு வேணும். அது தெரியாம நான் மேடைக்குத் திரும்பிப் போறதா இல்ல.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளைஞன் தரையைப் பார்த்தான்.

“காலைல சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்துச்சும்மா. அந்த மாதிரி நேரத்துல பதுங்குகுழிய விட்டு வெளிய போயி, டிரம் தண்ணிய ரெண்டு மக்கு ஊத்திக்கிட்டு ஓடி வந்துடுவோம். அவன் போனான். சோப்பு டப்பாவைத் திறந்தான். அங்கயே நின்னுட்டு…”

“நின்னுட்டு?”

“‘என் சோப்புல எவன்டா முடிய ஒட்டவெச்சது’ன்னு கத்தினான். அவ்வளவுதாம்மா. குண்டு விழுந்துடுச்சு.”

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. தலைவர் பதறிப்போய்த் தண்ணீர் எங்கே என்று தேடினார்.

அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எம் புள்ளதான்! எம் புள்ளயேதான்! அண்ணே, அதையே வெட்டச் சொல்லுங்க.”

“என்னம்மா இது! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையில வந்து படிக்கப்போற கல்லு!”

“படிக்கட்டும். சோப்பைக் கழுவி வெக்கவாச்சும் பழகட்டும்.”

கல் வெட்டுபவர் உதட்டை அசைத்து எழுத்துகளை எண்ணினார். “அருமையா அடங்குது,” என்று பென்சிலை எடுத்துக் கல்லின் மேல் குனிந்தார்.

“யோவ், அந்த ‘டா’வையாவது எடுத்துடுய்யா,” என்று தலைவர் கெஞ்சினார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

“வீட்லயும் இதே கூத்துதான் தம்பி. இருக்கறது நானும் அவனும். அப்பவும் குளிக்கற ரூம்ல நின்னுக்கிட்டு ‘யாரு முடி, யாரு முடி’ன்னு ஊரைக் கூட்டுவான். ‘உன்னுதுதானம்மா’ன்னு நேரா ஒரு தடவ கேட்டதில்ல.”

இளைஞன் தலையாட்டினான்.

“ஆமா, அங்க அது யாரு முடியாம்? அப்புறமாவது தெரிஞ்சுதா?”

“தெரியலம்மா,” என்றான்.

அந்தக் குழியிலும் இருந்தது இரண்டே பேர்தான்.