படியில்லாத பாதை

"பாதையில ஏத்தம் இருக்குமா?" செல்லச்சாமி தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்டார்.

"பழைய கோச்சிப் பாதைங்க. கோச்சி படியா ஏறும்?"

தண்டவாளம் கழற்றிய அந்தப் பாதையில் வாவியோரமாக இரண்டு மைல் நடந்தார். ஒரு படிகூட இல்லை. இந்த மலையூரில் சக்கர நாற்காலி போக இடமே கிடையாது என்று மனைவியிடம் ஒன்பது வருடமாகச் சொல்லிவந்தார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

நேரே வீட்டுக்குப் போனார்.

"குமாரி, ஞாயித்துக்கிழமை உன்னைய வாவிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கோச்சிப் பாதைக்கா? பக்கத்து வீட்டு றலியா நாலு வருஷமா த்ரீவீல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போறாளே. புதன்கிழமை, நீங்க வேலைக்குப் போன பெறகு."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்க."

நிறுத்தித்தான் இருப்பார்.

"ஒருநாள் நானும் வரவா?"

குமாரி யோசித்தாள்.

"றலியாகிட்டக் கேட்டுச் சொல்றேன்."